கை வைக்காமல் இருந்திருக்கலாம்

ஜூலை 7, 2024, ஞாயிறு

காலையிலிருந்து விடாத மழை. வீடு முழுக்க ஈரத்துணி வாசனை. சோபா முதுகில் என் பேன்ட், சாப்பாட்டு மேஜை நாற்காலியில் மகள் சுப்ரஜாவின் பள்ளிச் சீருடை, பூஜை அலமாரிக் கைப்பிடியில் ஒரு துண்டு. அதைப் பார்த்ததும் என் மனைவி மங்கை பறித்து எடுத்துவிட்டாள். கோயம்புத்தூரை விட்டுப் புனேவுக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஜூலை மாதம் மட்டும் இன்னும் பழகவில்லை.

நேற்று ஔந்துப் பகுதியில் சுஷ்மா மேடத்தைப் பார்க்கப் போனோம். வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட வழிகாட்டுகிறவர். சுவரெங்கும் சிரித்த பிள்ளைகளின் படம், ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு கல்லூரிப் பெயர். பதினொன்றாம் வகுப்புதான் முக்கியம், பன்னிரண்டில் வந்து நின்றால் நேரம் போதாது என்றார். மார்க் எல்லோரிடமும் இருக்கிறதாம். "இவளிடம் மட்டும் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். சுப்ரஜா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். கேள்வி என்னிடம் வந்தது.

நல்ல பிள்ளை, பிசிக்ஸ் பிடிக்கும், எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்ப்பாள். அந்த ஏசி அறையில் இதையெல்லாம் சொல்லக் கூச்சமாக இருந்தது. பெற்ற மகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லாதவன் போல உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

இரண்டு வாரமாகப் பால்கனிப் பக்கம் யாரையும் விடவில்லை. இன்று கூப்பிட்டுக் காட்டினாள். மழை வந்தால் துணியோடு தானே உள்ளே வந்துவிடும் கொடி! ஷூ பெட்டி அட்டை, ஐஸ்கிரீம் குச்சிகள், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற தப்கீர் கல்லியில் வாங்கி வந்த சின்ன மோட்டார், தண்ணீர் பட்டால் தெரிந்துகொள்ளும் ஒரு தகடு. மங்கை தகட்டின் மேல் தண்ணீர் தெளித்தாள். கொடியில் தொங்கிய கைக்குட்டை மெல்ல நகர்ந்து உள்ளே வந்தது. மங்கைக்கு ஒரே சந்தோஷம். "ஏனுங்க, பாத்தீங்ளா? எனக்காகப் பண்ணியிருக்கறா!" என்றாள்.

அடுத்து என் பேன்டைப் போட்டோம். அட்டை மடிந்து, எல்லாம் பொத்தென்று விழுந்தது. சுப்ரஜா விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சாகணில் ஒரு கார் கம்பெனியில், வெளிப் பட்டறைகளிலிருந்து வரும் பாகங்களைச் சோதித்து, சரியானதை உள்ளே விட்டு மற்றதைத் திருப்பி அனுப்புகிற வேலை. "அட்டை தாங்காது கண்ணு. அடியில இருக்கற தாங்கி அலுமினியத்துல வரணும். மோட்டாரும் பத்தாது" என்றேன்.

"தெரியும்ப்பா. அடுத்தது மரத்துல ட்ரை பண்ணப் போறேன்."

அவள் செய்துவிடுவாள். இன்னும் நான்கு தடவை விழும், ஐந்தாவது தடவை நிற்கும்.

ஆகஸ்ட் 3, சனி

சுஷ்மா மேடம் வீடியோவைப் பார்த்தார். யோசனை அருமையாம். ஆனால் பார்ப்பதற்குப் பள்ளிக்கூட விளையாட்டுப் பொருள் மாதிரி இருக்கிறதாம். செப்டம்பர் கடைசியில் பள்ளிகளுக்கிடையே ஒரு கண்காட்சி நடக்கிறது, அதில் பரிசு வாங்கினால் விண்ணப்பத்துக்கு நல்ல கனம். "கொஞ்சம் ஃபினிஷிங் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் அந்தத் துறையில்தானே இருக்கிறீர்கள்?" என்று என்னிடம் சொன்னார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் மூளையில் உதித்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்று ஜம்பு பட்டறைக்கு வழக்கமான சோதனைக்குப் போயிருந்தேன். ஜம்பு அம்பத்தூர்க்காரர். சாகணில் பிரஸ் பட்டறை வைத்திருக்கிறார், எங்கள் கார்களுக்குக் கதவுக் கீல் தகடு அடித்துத் தருகிறவர். சோதனை முடிந்ததும், கொடிக்காகச் சுப்ரஜா வரைந்த படத்தை எடுத்து நீட்டினேன். சுற்றிலும் அவருடைய ஆட்கள், என்னோடு சோதனைக்கு வரும் எங்கள் கம்பெனி ரோஹிணி, எல்லோரும் நின்றிருந்தார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் தமிழில் பேசி முடித்துவிட்டோம். ஒருவருக்கும் புரியாது. பத்து வருடமாக இந்தத் தைரியத்தில்தான் நாங்கள் ஊர்க்கதை பேசியிருக்கிறோம். இன்று பேசியது ஊர்க்கதை இல்லை.

"நம்ம பாப்பா ப்ராஜெக்டா சார்? ஜமாய்ச்சுடலாம். நீங்க வாயைத் திறந்து எதுவும் கேட்டதே இல்லையே" என்றார் ஜம்பு.

உண்மைதான். பண்டிகைக்கு வரும் இனிப்புப் பெட்டியைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். அதில் எனக்குப் பெருமை வேறு.

வரும் வழியில் ஜீப்பில் ரோஹிணி என்ன விஷயம் என்று கேட்டாள். மகளின் பள்ளிக்கூட விஷயம் என்றேன். பொய்யில்லைதானே?

ஆகஸ்ட் 24, சனி

வந்துவிட்டது. பளபளவென்று அலுமினியத் தாங்கி, சத்தமே இல்லாத மோட்டார், ஓரமெல்லாம் வழவழப்பாக உருட்டி விட்டிருக்கிறார்கள். நாலு ஈர ஜீன்ஸைப் போட்டாலும் அலுங்காமல் உள்ளே வருகிறது.

சுப்ரஜா விரலால் தடவிப் பார்த்தாள். "செம்மயா இருக்குப்பா." கொஞ்சம் கழித்து, "ஆனா இது என்னோடது இல்லையே?"

"ஐடியா உன்னுதுதான கண்ணு. கட்டடத்தை வரைஞ்சவன் பேரைத்தான் சொல்லுவாங்க, கொத்தனார் பேரையா சொல்றாங்க?"

எனக்கு எப்படித்தான் இப்படியெல்லாம் பேச வருகிறதோ. அவள் தலையாட்டினாள். மரப்பலகை, வெட்டியது பாதி வெட்டாதது பாதியாக, கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

செப்டம்பர் 12, வியாழன்

கணபதி பண்டிகைச் சமயம். ஆள் குறைவு, மேலிருந்து வண்டி எண்ணிக்கை கேட்டு நெருக்கடி. ஜம்புவின் கீல் தகடுகள் வந்திறங்கின. ரோஹிணி சோதித்துவிட்டு, திருப்பி அனுப்பச் சொல்லும் சிவப்புச் சீட்டைக் கட்டினாள். துளை பெரிது. துளைக்குள் நுழையக்கூடாத அளவுகோல் சுலபமாக நுழைந்து மறுபக்கம் வந்துவிடுகிறது. நானும் போட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

ஜம்பு போன் செய்தார். முதலில், "பாப்பா மெஷின் நல்லா ஓடுதா சார்?" என்றார். ஓடுகிறது என்றேன். அப்புறம், "பேசவே கூச்சமா இருக்கு சார். தகடு அடிக்கற டை தேஞ்சுபோச்சு, கவனிக்கல. இந்த ஒரு லாட்டை மட்டும் பாத்து விட்டுட்டீங்கன்னா... அடுத்த லாட் புது டையில அடிச்சுத் தந்துடறேன்" என்றார்.

அவர் மிரட்டவில்லை. ஞாபகப்படுத்தக்கூட இல்லை, பாவம், மரியாதைக்கு விசாரித்தார். முடியாது என்கிற வார்த்தையைத் தினமும் பத்து பேரிடம் சொல்லுகிறவன், இன்று அது வாயில் வரவே இல்லை.

சிவப்புச் சீட்டை நானே அவிழ்த்தேன். ரோஹிணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: யார் கையெழுத்தில் உள்ளே போகிறது? என் கையெழுத்தில் என்றேன். சரி சார் என்று சொல்லி, பச்சை ஸ்டிக்கரை எடுத்து என் கையில் கொடுத்தாள். அவள் ஒட்டவில்லை.

அந்தத் தகட்டால் யார் உயிரும் போகாது. கதவு கடகடக்கும், அவ்வளவுதான். யாரோ ஒரு குடும்பம் ஆசை ஆசையாகக் கார் வாங்கி, கதவு ஏன் சத்தம் போடுகிறது என்று ஒவ்வொரு சர்வீஸுக்கும் கேட்டுக்கொண்டே இருக்கும். யாராலும் பதில் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 13

ரோஹிணி காலையில் வணக்கம் சொன்னாள். வழக்கம்போலத்தான் சொன்னாள். நான்தான் குனிந்துகொண்டேன்.

செப்டம்பர் 28, சனி

கண்காட்சி. எழுதவா வேண்டாமா என்று இருந்தது. எழுதிவிடுகிறேன். நான் எழுதுவது தமிழில், சுப்ரஜாவுக்குத் தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியத்தை நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்று நடுவர்கள். அதில் ஒரு அம்மாள் தாங்கியைத் தடவிப் பார்த்து, இந்த உலோக வேலையைச் செய்தது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பெற்றோர்கள் எல்லோரும் பின்னால் நின்றிருந்தோம். சுப்ரஜா நிமிர்ந்து ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் பார்வையை வேறு பக்கம் திருப்பியிருக்கலாம். அல்லது முன்னால் போய் நான்தான் செய்து வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். ம் என்று தலையசைத்தேன்.

"நானே அரத்தால் ராவினேன். அரத்தை எப்படிப் பிடிப்பது என்று அப்பா சொல்லிக்கொடுத்தார்" என்றாள். திக்காமல் திணறாமல் சொன்னாள். சுட்டுவிரலில் இருந்த தழும்பையும் காட்டினாள். அது அட்டை வெட்டும்போது பட்ட காயம்.

அந்த அம்மாள் உருகிப்போனார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நானும்தான்.

இரண்டாம் பரிசு, ஒரு கோப்பையும் சான்றிதழும். மங்கை அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தாள். சுஷ்மா மேடம் போனில், "இனி இதை வைத்தே கட்டுரை எழுதிவிடலாம்" என்றார். அரம் பிடிக்க அப்பா சொல்லிக்கொடுத்தார்... எங்கிருந்து வந்தது அவளுக்கு அது? நான் அவளுக்கு எதைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன்?

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

கம்பெனியில் மராத்திக்காரர்கள் நாளை தசராவுக்குத்தான் இயந்திரங்களுக்கு மாலை போடுவார்கள். ஜம்பு மட்டும் வருடா வருடம் நம் வழக்கப்படி முதல் நாளே போட்டுவிடுவார். குடும்பத்தோடு வரவேண்டும் என்று அவர் நச்சரித்தார், போனோம்.

பிரஸ் மெஷினுக்குச் சந்தனம், சாமந்தி மாலை. அளவுகோல், அரம், ஸ்பானர் எல்லாம் தட்டில் குங்குமப் பொட்டோடு வரிசையாக. நடுவில் ஒரு அலுமினியத் தாங்கி. முதலில் செய்து பார்த்ததாம், திருஷ்டிக்கு இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார். அதற்கும் ஒரு பொட்டு.

"பாப்பா, பாத்தியா உன் பிராக்கெட்டை? சாமிகிட்டயே வச்சுட்டேன்" என்றார் ஜம்பு. மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். "நீ அமெரிக்கா போய்ப் பெரிய ஆளா வருவ. உங்கப்பா சாதாரண ஆள் இல்லம்மா. போன மாசம் அந்தக் கீல் லாட்டு ரிஜெக்ட் ஆகி என் கழுத்தைப் பிடிச்சுது. அவர்தான் பாஸ் பண்ணிவிட்டார். இல்லன்னா இந்தப் பூஜையே இல்ல."

அவர் நன்றி சொல்கிறார்! மங்கை என்னைப் பார்த்தாள். சுப்ரஜா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வண்டி நாசிக் பாட்டா சிக்னலில் நின்றபோது பின்சீட்டிலிருந்து கேட்டாள். "அந்த லாட் நல்லா இருந்துச்சாப்பா?"

"ஓரளவுக்கு."

"ஓரளவுக்குன்னா?"

"விடு கண்ணு, அதெல்லாம் கம்பெனி விஷயம்."

"என் பிராக்கெட்டுக்காகத்தான பாஸ் பண்ணீங்க?"

நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கை அவளிடம், "அப்பறமா பேசிக்கலாம் சாமி" என்றாள்.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன்ப்பா. சொல்லும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அப்ப நீங்கதான் ஃபர்ஸ்ட் கை தட்டுனீங்க. மத்தவங்க உங்களைப் பாத்துத்தான் தட்டுனாங்க."

எனக்கு அது தெரியாது. நான்தான் முதலா? சத்தியமா எனக்குத் தெரியாது. என்ன மனுஷன் நான், என் கையே எப்பத் தட்டுச்சுன்னு எனக்குத் தெரியல.

அக்டோபர் 13

ராத்திரிச் சாப்பாட்டின்போது மூன்று பேரும் டிவி பார்த்தோம். ஒருவர் காதிலும் விழவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

மதியம் சுஷ்மா மேடம் போன். குரலில் கோபம். "நீங்கள் சம்மதித்தீர்களா?" என்றார். எதற்கு என்று கேட்டேன். அதற்கப்புறம்தான் எனக்கு விஷயமே தெரிந்தது.

சுப்ரஜா சனிக்கிழமை பள்ளி முடிந்து ஒரு ரிக்ஷா பிடித்து, தனியாகவே கண்காட்சி நடத்தியவர்களின் அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். கோப்பையையும் சான்றிதழையும் அங்கே மேஜையில் வைத்து, தாங்கி நான் செய்ததல்ல, ஒரு பட்டறையில் செய்து வாங்கியது, கேட்டபோது பொய் சொன்னேன் என்று சொல்லியிருக்கிறாள். யார் செய்து வாங்கினார்கள் என்று கேட்டதற்கு, தானேதான் என்று சொல்லிவிட்டாளாம். என் பெயர் வரவில்லை. அவர்கள் பள்ளிக்குச் சொல்லிவிட்டார்கள். இன்று காலை பிரின்சிபால் அறையில் அரைமணி நேரம் நின்றிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். டிவிக்கு மேலே கோப்பை இருந்த இடம் காலி. இரண்டு நாளாகக் காலியாகத்தான் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. குறை கண்டுபிடிக்கிறவன்!

மங்கைக்கு முன்பே தெரியும். "எங்கிட்டச் சொல்லிட்டுத்தானுங்க போனா. உங்ககிட்டச் சொன்னா நீங்க கூட வந்து பேசுவீங்கன்னு பயந்துட்டா" என்றாள்.

நான் பேசியிருப்பேன். அதுதான் அவமானம். ஐடியா அவளுடையது, கொத்தனார், கட்டடம், என்று ஆரம்பித்திருப்பேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

காலையில் முதல் வேலையாகப் பட்டாபிராமன் சார் அறைக்குப் போனேன். எங்கள் தரப் பிரிவின் தலைவர், மூன்று தலைமுறையாகப் புனேவில் இருக்கிற குடும்பம். எல்லாவற்றையும் சொன்னேன். அலுமினியத்தையும் சொன்னேன்.

"அரே, கந்தசாமி... நீயா? வேற யாராவது வந்து உன்னப் பத்திச் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கவே மாட்டேன்யா" என்றார். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டியிருக்கலாம்.

மீதியிருந்த தகடுகளுக்கு மறுபடி சிவப்புச் சீட்டு. ஏற்கெனவே வண்டியில் ஏறியவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்று முதல் வெளிப் பட்டறைகள் என் பொறுப்பில் இல்லை. விசாரணை முடியும்வரை அளவுக் கருவிகள் வைத்திருக்கும் அறையில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.

இதை எழுதும்போது ஒரு நிம்மதி வரப் பார்க்கிறது. வரவிடக்கூடாது. பதினாறு வயதுப் பெண் சனிக்கிழமை செய்ததை, அவள் அப்பா செவ்வாய்க்கிழமை காப்பியடித்திருக்கிறான்.

அக்டோபர் 31. தீபாவளி

ஜம்புவுக்கு ஆர்டரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். நானே போனில் கூப்பிட்டேன். "உங்களத் தப்பு சொல்ல முடியாது சார், கேட்டது நான்தான்" என்றார். அப்புறம், "ஆனா நீங்க அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருந்தா, ராத்திரியோட ராத்திரியா வேற டை போட்டு அடிச்சுக் குடுத்திருப்பேன். நீங்க முடியாதுன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சுத்தான் சார் கேட்டேன்" என்றார்.

தீபாவளி வாழ்த்து சொல்லி வைத்துவிட்டேன்.

ஜனவரி 19, 2025, ஞாயிறு

சுப்ரஜா என்னிடம் சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்கிறாள். ஆனால் எதையும் கொண்டுவந்து காட்டுவதில்லை. பிசிக்ஸ் கணக்கு வரவில்லை என்றால் தோழிக்குப் போன் போடுகிறாள். அறைக்குள் ஏதோ அறுக்கும் சத்தம் கேட்கிறது. கதவைத் தட்டலாம் என்று எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

ஜம்புவுக்கு மறுபடி ஆர்டர் போகிறதாம். ரோஹிணி சொன்னாள். அவர் பட்டறைக்கு இப்போது அவள்தான் போகிறாள்.

மார்ச் 9

சுஷ்மா மேடம் விலகிக்கொண்டார். பள்ளியில் இருக்கிற கவுன்சலரே போதும் என்று சுப்ரஜா சொல்லிவிட்டாள். விண்ணப்பத்துக்கான பட்டியலில் கண்காட்சி என்று எழுதியிருந்த இடத்தில் ஒன்றும் போடவில்லையாம். "காலியா இருந்தா இருக்கட்டும்மா" என்று மங்கையிடம் சொல்லியிருக்கிறாள்.

ஏப்ரல் 12, சனி

பள்ளியில் கவுன்சலர் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டுமாம். அதற்காகப் பெற்றோரிடம் ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள், உங்கள் பிள்ளை எப்படிப்பட்டவள் என்று. போன வாரம் சுப்ரஜா சாப்பிடும்போது சொன்னாள், "அம்மா எழுதட்டும்." நான் இட்லியைப் பார்த்துக்கொண்டு சரி என்றேன்.

மங்கைக்கு ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம். பி.ஏ. தமிழ் படித்தவள், தமிழில் எழுதித் தருகிறேன் என்றாள். ஆங்கிலத்தில் யார் மாற்றுவது? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள். "அப்பா மாத்தட்டும். ஆனா எதையும் சேர்க்கக் கூடாது, எடுக்கக் கூடாது" என்றாள் சுப்ரஜா. அம்மா எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, இப்படியே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டாள்.

காலையில் உட்கார்ந்தேன். மங்கை நன்றாக எழுதியிருக்கிறாள். மிக்சியைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒரு வாரம் சட்னி இல்லாமல் எல்லோரையும் தவிக்கவிட்டது, மாடி வீட்டுப் பாப்பாவுக்குக் கணக்குச் சொல்லித் தரும்போது தானே அழுதுவிட்டது, இதெல்லாம். சிரித்துக்கொண்டேதான் மொழிபெயர்த்தேன். பாதியில் இப்படி இருந்தது:

'என் மகள் ஒரு போட்டியில் தான் செய்யாததைச் செய்ததாகச் சொல்லிப் பரிசு வாங்கினாள். பிறகு யாரும் கேட்காமலே, தனியாகப் போய்த் திருப்பிக் கொடுத்தாள். அதற்காகப் பள்ளியில் தலைகுனிந்து நின்றாள். அப்படிச் செய்ய இந்த வீட்டில் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.'

மங்கை கோபத்தில் எழுதியதாகத் தெரியவில்லை. மகளைப் பற்றிய பெருமையில் எழுதியிருக்கிறாள். உள்ளதை எழுதியிருக்கிறாள்.

முதல் மூன்று வரியை ஆங்கிலத்தில் போட்டுவிட்டேன். நான்காவதில் கை நின்றுவிட்டது. அதற்குக் கீழே நானாக ஒரு வரி டைப் செய்தேன், அவளைப் பார்த்து அவள் அப்பாவும் பிறகு தன் அலுவலகத்தில் உண்மையைச் சொன்னார் என்று. பொய்யில்லை, நடந்ததுதான். வாசித்துப் பார்த்தேன். நன்றாகக்கூட இருந்தது, ஃபினிஷிங்கோடு. அழித்தேன். அப்புறம் 'யாரும்' என்பதை விட்டுவிட்டு வேறு மாதிரி சொல்லலாமா என்று பார்த்தேன். அதையும் அழித்தேன். மங்கை எழுதியதை மங்கை எழுதியபடியே ஆங்கிலத்தில் போட்டேன்.

சுப்ரஜாவைக் கூப்பிட்டேன். நின்றபடியே திரையில் படித்தாள், மேலிருந்து கீழே வரை. அந்த வரிக்கு வந்ததும் அவள் பார்வை கொஞ்சம் நின்றது தெரிந்தது.

"எதுவும் சேர்க்கலையேப்பா?"

"இல்ல கண்ணு."

"சரி. அனுப்பிடுங்க."

அனுப்பிவிட்டேன்.